பாலம் ஏறாத வண்டி

பாலத்தின் பாதி ஏற்றத்தில் வண்டி கத்த ஆரம்பித்தது. கத்தியது இன்ஜின் மட்டும்தான். சக்கரத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்கச் சத்தம் ஏறியது, வேகம் இறங்கியது. பின்னால் ஒரு டிரெய்லர் லாரி, அதன்மேல் நாற்பதடி கன்டெய்னர். அதன் டிரைவர் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோயிருந்தான். வலப்பக்கம் இன்னொரு டிரெய்லர். இடப்பக்கம் பாலத்தின் கைப்பிடிச் சுவர். பின் சீட்டில் என் மனைவி.

"எறங்கிக்கவா?" என்றாள்.

"ஒக்காரு. ஏறிடும்."

"எது, ஹாரன் சத்தமா?"

இறங்கிவிட்டாள். கைப்பையை இடுக்கிக்கொண்டு நடக்கவும் ஆரம்பித்தாள். நான் முதல் கியரில் போட்டு, இரண்டு காலாலும் தரையை உதைத்து உதைத்து, வண்டிக்கு நானே இன்னொரு இன்ஜினாக வேலை பார்த்து ஏற்றினேன். உச்சிக்கு அவள் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டிரெய்லர் டிரைவர் என்னைக் கடக்கும்போது தலையை வெளியே நீட்டி ஒரு வாக்கியம் சொன்னான். அதை இங்கே எழுத முடியாது. அதில் என் வண்டியும் என் பரம்பரையும் இருந்தன.

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். அன்று மணலி போய்ச் சேரும்வரை ஹெல்மெட்டுக்குள் இரண்டு காதும் வெந்துகொண்டிருந்தன. அவளை வேலைக்கு அங்கன்வாடி வாசலில் இறக்கிவிட்டு, நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டுக்குப் போனேன். யார்டு கேட்டில் சீல் பார்ப்பது என் வேலை. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் பூட்டையும் பார்த்து, யாரும் கைவைக்காமல்தான் வந்திருக்கிறது என்று உறுதி சொல்ல வேண்டும். அடுத்தவன் பொய் சொல்கிறானா என்று கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் உதவும்.

வண்டிக்கு இருபத்தோரு வயது. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டவன் ஒரே மெக்கானிக். காலடிப்பேட்டையில் எங்கள் தெரு முனையில், டீக்கடைக்கு ஒட்டினாற்போல அவன் கடை. என் வயசுதான். நான் அவனை நைனா என்பேன், அவன் என்னை மாமு என்பான். எங்களுக்குள் எந்த உறவும் கிடையாது. இருபது வருடம் ஒருவன் வண்டிக்கடியில் இன்னொருவன் படுத்துக் கிடந்தால் வருகிற உறவு அது.

அவன் கடையில் இரண்டு சட்டங்கள். முதலாவது: கழற்றிய பழைய சாமானைத் தூக்கி எறிய மாட்டான். கம்பியில் கோத்து, வண்டி நம்பரை ஒரு அட்டையில் எழுதிக் கட்டி, சுவரில் உள்ள ஆணியில் மாட்டிவிடுவான். ஒரு மாதம் தொங்கும். மாற்றினேன் என்று சொன்னதை மாற்றினானா என்று யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்க்கலாம். இரண்டாவது: ஆயில் அவன் கடை ஆயில்தான். வெளியிலிருந்து ஆயில் கொண்டுவருகிறவனை அவனுக்குப் பிடிக்காது.

"ஓட்டலுக்கு வர்றப்ப வூட்லேர்ந்து சோறு கட்டிக்கினு வருவியா நீ?" என்று கேட்டு அனுப்பிவிடுவான்.

இந்தச் சட்டம் எங்கள் பக்கத்தில் ஏன் தேவைப்படுகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. இங்கே எல்லாக் குடும்பத்துக்கும் மணலியில் ஒரு சொந்தக்காரன் இருப்பான். மற்ற ஊர்களில் விருந்தாளி வந்தால் பூவும் பழமும் வரும். எங்களுக்கு ஆயில் வரும். என் மனைவியின் தம்பி, ஆயில் கலந்து டப்பாவில் அடைக்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கு ஊழியர்களுக்கு ஆளுக்கொரு டப்பா கொடுத்திருக்கிறார்கள். அவனிடம் ஓட்ட எதுவும் இல்லாததால் கரும்போடு சேர்த்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான்.

"மாமா, சாதா சரக்கு இல்ல. வெளிநாட்டு கார்க்கு ஊத்தற ஆயிலு. அப்டியே வழுக்கிகினு போவும்."

டப்பாவில் பனிமலைமேல் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. அது சமையலறையில் எண்ணெய் டின்னுக்குப் பக்கத்திலேயே பத்து நாள் இருந்தது. "இத்த எடுக்கிறியா, இல்ல ஒரு நாளு தாளிச்சிடவா?" என்றாள் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி, மெக்கானிக் இரண்டு வாரம் முன்பு ஊற்றியிருந்த ஆயிலைத் திறந்துவிட்டு, பனிமலையை உள்ளே ஊற்றினேன். வேலை முடிந்து ஒருமுறை சுற்றிவந்தபோது வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. நம்ம வண்டி இவ்வளவு நாளாக ஏழைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்ததே என்று சீட்டைத் தட்டிக்கொடுத்தேன். சத்தியமாகத் தட்டிக்கொடுத்தேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் பாலம்.

அன்று சாயங்காலமே வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவன் கிளட்ச் லிவரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். லிவரில் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டுமாம், கேபிள் விறைப்பாக இருந்தால் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று முழுசாக அழுத்திப் பிடிக்காதாம். ஆட்டம் சரியாகவே இருந்தது. பிறகு வண்டியை ஸ்டார்ட் பண்ணி, டாப் கியரில் போட்டு, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளட்சை மெல்ல விட்டான். கிளட்ச் நல்லதாக இருந்தால் இன்ஜின் திணறி அணைந்துவிடும். இது அணையவில்லை. பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா மாமு? இன்ஜின் ஒரு வூட்ல, சக்கரம் ஒரு வூட்ல குடித்தனம் பண்ணிகினு கீது. பிளேட்டு புடிக்கல."

பிறகு ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அதிலிருந்த குச்சியை டீக்கடை லைட்டுக்கு நேராகப் பிடித்தான்.

"இன்னாது, தேனாட்டம் கீது? போன மாசம் நான் ஊத்துனதுதானே?"

கேட்டது அவ்வளவுதான். இல்லை நைனா, மச்சான் கொடுத்ததை ஊற்றினேன் என்று சொல்லியிருந்தால், சோறு கட்டிக்கொண்டு ஓட்டலுக்கு வந்தவனாக டீக்கடை முன்னால் பத்து நிமிஷம் நின்றிருப்பேன். அதோடு முடிந்திருக்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பயந்தேன். தவிர, அவன் ஆயிலைவிட உசத்தியானதைத்தானே ஊற்றியிருக்கிறேன், அதனால் என்ன வந்துவிடப்போகிறது என்றும் ஒரு நினைப்பு.

"பின்ன? நீ ஊத்துனதுதான்."

"ஒரு மாசம் ஓடுன ஆயிலு இவ்ளோ சுத்தமா இருக்குமா?"

"நான் மெதுவா ஓட்றேன் நைனா."

என் முகத்தை ஒரு தரம் பார்த்தான். நம்பிவிட்டான். யார்டு கேட்டில் நான் ஒருத்தனை அப்படி நம்பியிருந்தால் என் வேலை போயிருக்கும்.

பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவுசெய்து அடுத்த நாள் புதுசு வாங்கிவந்தான். மாற்றுவதற்கு ஆயிலை முழுக்க இறக்க வேண்டும். ஒரு தட்டைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து, அதில் பிடித்து, வேலை முடிந்ததும் துணியால் வடிகட்டி அதே ஆயிலைத் திரும்ப ஊற்றினான்.

"புது ஆயிலு மாமு. எதுக்கு கீய கொட்டணும்?"

என்மேல் வைத்த அக்கறை. அன்று அவன் கொஞ்சம் ஊதாரியாக இருந்து அதைச் சாக்கடையில் கொட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஐந்தாறு நாள் நன்றாக ஓடியது. ஏழாவது நாள் அதே பாலம், அதே கத்தல். மறுபடி போனேன். "புது பிளேட்டு, செட்டாவ நாளாவும். ஸ்பிரிங்கும் தளர்ந்துகீது போல" என்று ஸ்பிரிங்குகளையும் மாற்றினான். மறுபடி ஆயிலை வடிகட்டி ஊற்றினான். இந்தத் தடவை அவன் நெற்றியில் கோடு விழுந்திருந்தது. எங்கே தப்பு என்று தெரியாமல் அவன் ஒரு வண்டியை வெளியே விட்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை சிரிக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, பாலத்தில் டிராஃபிக் நின்று நகர்ந்தபோது கிளட்சை விட்டேன். வண்டி முன்னால் போகவில்லை. பிரேக்கில் கால் வைக்கும் முன் பின்னால் உருண்டுவிட்டது. பின்னால் நின்றிருந்த டிரெய்லரும் அந்த நேரம் பார்த்து நகர்ந்தது. பிரேக் போட்ட சத்தம் கேட்டுத் திரும்பினால், லாரியின் பம்பருக்கும் என் மனைவியின் முதுகுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அவளுடைய ஒரு செருப்பு லாரிக்கடியில் கிடந்தது. இறங்கி, குனிந்து, செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தாள். எப்போதும் வருகிற நக்கல் வராதபோதுதான் நடந்தது எனக்கு உறைத்தது.

உறைத்ததும் கோபம் வந்தது. யார்மேல் என்று யோசிக்கவே இல்லை. விலாசம் தயாராக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. டீக்கடை நிறைந்திருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் தன் ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். காசிமேட்டிலிருந்து மீன் எடுத்துவந்து விற்கிற ஒருவர் தன் வண்டிக்காகக் காத்திருந்தார். வேறு பத்துப் பேர். என் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கடை நடுவில் நிறுத்தினேன்.

"இன்னா மாமு, மறுபடியுமா?" என்றான் மெக்கானிக், ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே.

"இன்னா மறுபடியுமா? நேத்து என் பொண்டாட்டி லாரிக்கு அடில பூட்டிருப்பா! புது பிளேட்டாம், புது ஸ்பிரிங்காம்! எவன் வண்டிலேர்ந்து கயட்டுன பிளேட்ட கயிவி மாட்டுன?"

தெருவே திரும்பியது. அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"மாமு, வாய அளந்து பேசு."

"இன்னாத்த அளக்கறது? இருவது வருசமா எத்தினி பேர்க்கு இப்டி பழச போட்டியோ!"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் போனான். ஆணியிலிருந்து ஒரு கம்பியை எடுத்துவந்து என் காலடியில் வைத்தான். கறுத்துத் தேய்ந்த பிளேட்டுகள், என் வண்டி நம்பர் எழுதிய அட்டையோடு.

"இந்தா உன்னுது. பாத்துக்க."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்தத் தெரியாது. என் நாக்குக்கும் கிளட்ச் கிடையாது.

"இது யார்துன்னு எவன் கண்டான்? அட்டைல நம்பரு நான்கூட எய்துவேன்."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கம்பியை எடுத்து, தூசி தட்டி, திரும்ப அதே ஆணியில் மாட்டினான். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்:

"சார், வண்டிய எடுத்துகினு போங்க."

எங்கள் ஊரில் ஒருவன் உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினால் அடுத்த நாள் சேர்ந்து டீ குடிக்கலாம். இருபது வருடம் மாமு என்றவன் சார், போங்க என்றால், அதன்பிறகு குடிக்க ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். மனைவி தனியாக ஷேர் ஆட்டோவில் போனாள், எனக்குக் கோபம் அடங்கும்வரை என் பக்கத்தில் உட்கார விருப்பமில்லை என்று. இரண்டு வாரத்தில், யார்டில் கிரேன் ஓட்டுகிறவன் என்னிடமே வந்து சொன்னான்: "காலடிப்பேட்டைல ஒரு மெக்கானிக் கீறானாமே, பழைய பிளேட்ட கயிவி போட்டு புதுசுன்றானாம். பாத்து இரு." நான் சொன்னது என்னைவிட வேகமாக மணலி வந்து சேர்ந்திருந்தது, பாலத்தில் எங்கேயும் நிற்காமல். சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது அவன் கடையை ஓரக்கண்ணால் பார்ப்பேன். எப்போதும் ஏழெட்டு வண்டி நிற்கிற இடத்தில் மூன்று நின்றது. ரிட்டயர் ஆன பெரியவரின் ஸ்கூட்டர் இல்லை.

அதற்கடுத்த வாரம் வண்டியை டோல்கேட் பக்கம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். யூனிஃபார்ம் போட்ட ஒருவர் வண்டியை மேஜை மாதிரி ஒன்றின்மேல் ஏற்றினார். நடந்ததையெல்லாம் சொன்னேன். பிளேட் மாற்றியது, ஸ்பிரிங் மாற்றியது, அந்தத் திருட்டுப் பயல்.

"இன்னா ஆயில் சார் ஊத்தியிருக்கீங்க?"

தெரிந்தவனிடம் பயந்து மறைத்ததை, தெரியாதவரிடம் பெருமைக்காகச் சொன்னேன். "சாதா ஆயில் இல்லைங்க. வெளிநாட்டுக் காருக்கு ஊத்துற ஆயில். மச்சான் கம்பெனியில இருக்கார்."

அவர் கையிலிருந்த ஸ்பேனரை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. அடக்க முடியாமல்.

"சார், கார்ல கிளட்ச் வெளிய தனியா காய்ஞ்சிகினு இருக்கும். ஆயில் படாது. உங்க வண்டில கிளட்ச் பிளேட்டு இன்ஜின் ஆயில்லயே ஊறிக்கினு கீது. கார் ஆயில்ல சிலதுல நல்லா வழுக்கணும்னே மருந்து கலந்திருப்பாங்க. பிளேட்டு ஒண்ணையொண்ணு கவ்வணும், நீங்க நடுவுல சோப்பு போட்டுட்டீங்க."

அப்படியே வழுக்கிகினு போவும் என்று மச்சான் சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை.

அவர் கவரைத் திறந்து பிளேட்டை வெளியே எடுத்து, அளவு பார்க்கிற கருவியில் வைத்துக் காட்டினார். "புதுசு சார். ஸ்பிரிங்கும் புதுசு. போட்டவர் ஒயுங்கா போட்டுகீறார். ஆமா, அவர் ஆயில் பத்தி கேக்கலையா?"

"கேட்டார்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். அன்று நல்ல நேரம் எப்போது என்று ரொம்ப நேரம் தேடினேன்.

"சரி வுடுங்க. பிளேட்ட கயிவி, நல்ல ஆயில் ஊத்தி முடிச்சி தரேன்."

"வேணாங்க. அதே ஆயிலை ஊத்தி மூடிக் குடுங்க."

"இன்னாது?"

"அதே ஆயில்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு போய் இரக்கம் வந்திருந்தது. என் மெக்கானிக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தோன்றியது. சீல் உடைந்த பெட்டியை யாரும் உள்ளே கை வைக்காமல்தான் திருப்பி அனுப்ப வேண்டும். அது என் தொழில்.

டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர் ஹைரோடு முழுக்க சைக்கிள் வேகத்தில் வந்தேன். என்னை முந்திய ஒவ்வொருவனையும் திட்டினேன். ரோட்டைத் தோண்டிப் போட்டவர்களைத் திட்டினேன். தூசியைத் திட்டினேன். திட்டத் தகுதியானவன் ஒருவனை மட்டும் விட்டுவிட்டு எல்லோரையும் திட்டி முடித்தபோது வீடு வந்துவிட்டது. உடனே மச்சானுக்கு ஃபோன் போட்டேன்.

"ஏண்டா, பைக்குக்கு ஆவாதுன்னு சொல்ல மாட்டியா?"

"மாமா, டப்பா மேலயே பெருசா கார் படம் போட்டுக்கீதே. பாக்கலையா?"

"பாத்தேன்."

"அப்பால?"

அப்பால ஒன்றுமில்லை. வைத்துவிட்டேன். அந்த டப்பாவை என் மனைவி பாதியாக வெட்டி, மண் போட்டு, புதினா வளர்த்துக்கொண்டிருந்தாள். திருப்பிப் பார்த்தேன். சுவர்ப்பக்கம் இருந்த முகத்தில், கார்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. கண்ணாடி போடாமலே படிக்கிற அளவில்.

"போய் சொல்லு," என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

"யாரு கிட்ட?"

"யார் யார் கேக்க கத்துனியோ அத்தினி பேர் கிட்டயும். நீ அன்னிக்கு கத்துனது அவன் மேல இருந்த கோவத்துலயா? என்ன லாரிக்கு முன்னால நிறுத்துனது நீ. அது உனக்கு தெரிஞ்சிகீது, அத்த பாக்க முடியாம அவன போட்டு மிதிச்ச."

பதிலுக்குக் கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். காது சூடாகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கையால் வண்டியைத் தள்ளி, இன்னொரு கையில் புதினா டப்பாவைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். அதே ஆட்கள். ரிட்டயர் ஆன பெரியவரும் இருந்தார், ஸ்கூட்டர் இல்லாமல். மெக்கானிக் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வேலையில் குனிந்துகொண்டான்.

டப்பாவை டீக்கடை பெஞ்சில் வைத்தேன். "அல்லாரும் கேட்டுக்கங்க," என்று ஆரம்பித்தேன். தேர்தலுக்கு நிற்கிறேன் என்று நினைத்து ஒருத்தர் கும்பிட்டார். "பிளேட்டு புதுசுதான். அவரு மேல தப்பில்ல. நான் இந்த கார் ஆயில ஊத்திட்டு, அவரு கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

"இந்த ஆயிலா? இதுல புதினா கீது?" என்றார் மீன்காரர்.

சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்தார்.

"யோவ், பொய் சொன்னது நீ. நல்லா கீற ஸ்கூட்டர இஸ்துகினு வேற எவன் எவன் கடைக்கோ அலைஞ்சது நானா? அங்க ஒருத்தன் கைய வெச்சி இப்ப அது ஸ்டார்ட்டே ஆவல! உன் பேச்ச கேட்ட என் புத்திய..." மீதியை அவர் எச்சிலோடு சேர்த்துத் துப்பினார்.

மெக்கானிக் அப்போதும் நிமிரவில்லை. "சார், வண்டிய வுட்டுட்டு போங்க. சாய்ந்தரம் வாங்க."

போகவில்லை. நின்றேன். "நைனா..." என்றேன்.

அதுதான் வெடித்தது. கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் எறிந்தான். "இன்னா நைனா? கேட்டனா இல்லியா? உன் மூஞ்சிய பாத்து கேட்டனா இல்லியா? மெதுவா ஓட்றேன்னு சொன்ன! ரெண்டு வாட்டி அந்த கஸ்மாலத்த வடிகட்டி வடிகட்டி ஊத்தினேன்டா! தூங்காம யோசிச்சேன், இன்னாடா இது, கை பூட்சா, கண்ணு பூட்சா, தொயில விட்டுடலாமான்னு! பிளேட்டு யார்துன்னு கேட்ட இல்ல? என் ஆணில தொங்கறது யார்துன்னு கேட்ட இல்ல?"

தெரு முழுக்கக் கேட்டது. நீ என்றான், டா என்றான். ஒரு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை.

"வா. ஒக்காரு. நீயே கயட்டு."

உட்கார்ந்தேன். அடியிலிருந்த நட்டைத் திறந்து பனிமலையை முழுக்க இறக்கினேன். அதை ஒரு பாட்டிலில் பிடித்து என் கையில் கொடுத்தான். "வூட்டுக்கு எடுத்துகினு போ. தாளிச்சிக்க." பிளேட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்ரோலில் கழுவினேன். நடுவில் இருக்கும் இரும்புத் தகடுகளை, பளபளப்பு போகிறவரை எமரி தாளால் தேய்க்கச் சொன்னான். தேய்த்தேன். அவன் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, போதாது என்று திரும்பப் போட்டான். என் நகக்கண் எல்லாம் கறுத்தது. அவன் கடை ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, அதையும் இறக்கிவிட்டு, மறுபடி புதுசு ஊற்றினான்.

டாப் கியர். முன் பிரேக். கிளட்சை விட்டான். இன்ஜின் ஒரு தரம் உதறி, செத்தது. இருபத்தோரு வருடத்தில் அந்த வண்டி அணைந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது அன்று மட்டும்தான்.

திங்கட்கிழமை மனைவியை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறினேன். மூன்றாவது கியரில் ஏறியது. பின்னால் டிரெய்லர் இருந்தது, ஹாரனும் இருந்தது. அவள் என் தோளில் கை வைக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தாள், எந்த நிமிஷமும் இறங்கத் தயாராக. அந்தப் பயம் போக ஒரு வாரம் ஆனது.

கிரேன் ஓட்டுகிறவனிடம் உண்மையைச் சொன்னேன். "அப்டியா" என்றான், அவ்வளவுதான். முதலில் சொன்னதை ஊரெல்லாம் சொன்னவன், இதை யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. யார்டு கேட்டில் நிற்கும் டிரைவர்களிடம் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் ஒரு மாதிரியான ஆள் என்று பேராகிவிட்டது. மெக்கானிக் கடையில் இப்போது ஐந்து வண்டி நிற்கிறது. பெரியவரின் ஸ்கூட்டர் இன்னும் வரவில்லை. அவருக்கு அவன்மேல் சந்தேகம் இல்லை, எதிரே என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதாம்.

மாமு என்று அவன் இதுவரை கூப்பிடவில்லை. யோவ் என்கிறான். என் பிளேட்டுகளும் இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகின்றன. ஒரு மாதக் கணக்கெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. நான் டீ குடிக்கப் போகும்போதெல்லாம், கையில் எந்த வேலை இருந்தாலும், அவன் தலையைத் தூக்காமல் டீக்கடைக்கே கேட்கிற மாதிரிக் கேட்பான்:

"யோவ், அந்த ஆணில தொங்குதே, அது யாரு பிளேட்டு?"

நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும்.

"என்னுதுதான்."

"கேக்கல."

"என்னுதுதான் நைனா!"